75ஆம் பிரிவு

கல்லூரி நாட்களில் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்த உரைநடை வரிகள் மிகக் குறைவு. அவற்றுள் ஒன்று தேசிய இனம் என்பதற்கு ஸ்டாலின் கொடுத்த வரையறை. பொதுவான மொழி, பொதுவான நிலப்பரப்பு, பொதுவான பொருளாதார வாழ்வு, பொதுப் பண்பாட்டில் வெளிப்படும் பொதுவான உளவியல் அமைப்பு ஆகிய நான்கும் பொருந்தி, வரலாற்றுப் போக்கில் உருவான நிலையான மக்கள் சமூகமே தேசிய இனம் என்பது அதன் சாரம். 1913ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வியன்னாவில் தங்கியிருந்தபோது அவர் எழுதிய அந்தக் கட்டுரையை, தமிழ்நாட்டு இடதுசாரி வாசிப்பு வட்டங்களிலும் ஈழ விடுதலை குறித்த விவாதங்களிலும் ஒரு தலைமுறையே அளவுகோலாகக் கையில் வைத்திருந்தது. தமிழர் ஒரு தேசிய இனமா, மலையகத் தமிழர் தனித் தேசிய இனமா என்றெல்லாம் நள்ளிரவு வரை வாதிட்டபோது நாங்கள் அந்த நான்கு கூறுகளையே எண்ணிக்கொண்டிருந்தோம். அப்பா வாங்கிச் சேர்த்திருந்த மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்துப் புத்தகங்களுக்கு நடுவே இருந்த அந்தச் சிறு நூலை எத்தனை முறை புரட்டியிருப்பேன் என்று சொல்ல முடியாது.

இத்தனை முறை படித்தும், அந்தக் கட்டுரையில் எடுத்துக்காட்டாக வரும் நாட்டை நான் கவனிக்கவேயில்லை. மொழியும் நிலமும் பொதுவாக இருந்தும், ஒன்றோடொன்று ஓயாமல் போரிட்ட சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்ததால் ஜார்ஜியர்கள் ஒரு தேசிய இனமாக இருக்கவில்லை என்றும், பண்ணையடிமை முறை ஒழிந்து முதலாளித்துவப் பொருளாதாரம் வட்டாரங்களை இணைத்த பிறகே, அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான், அவர்கள் தேசிய இனமானார்கள் என்றும் அதில் எழுதியிருக்கிறது. எழுதியவர் தம் சொந்த மக்களைப் பற்றியே எழுதுகிறார் என்பது எனக்கு உறைக்க இருபது ஆண்டுகள் ஆயின. அக்கா மகள் மருத்துவம் படிக்கும் ஜார்ஜியத் தலைநகர் திபிலிசிக்குச் சென்ற ஆண்டு போய்ச் சில நாட்கள் தங்க நேர்ந்தது. திரும்பி வந்து அந்த நூலை மறுபடி எடுத்துப் படித்தபோதுதான் அந்த வரிகளில் கண் நின்றது. தேசிய இனத்தை வரையறுத்துத் தந்தவரின் ஆட்சியில் அவருடைய சொந்த இனம் என்ன ஆயிற்று என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. அதைத் தொடர்ந்து படித்ததையும் யோசித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜார்ஜியர்கள் தம் நாட்டைச் சகார்த்வேலோ என்கிறார்கள். அவர்கள் மொழியில் "டெடா" என்றால் தாய். "மாமா" என்றால் தந்தை. இதைக் கேட்டவுடன் எந்தத் தமிழருக்கும் சற்று வியப்பாகத்தான் இருக்கும். தாயிலிருந்து தாய்மொழிக்கு "டெடா ஏனா" என்ற சொல்லும், தந்தையிலிருந்து தந்தையர் நாட்டுக்கு "மாமுலி" என்ற சொல்லும் பிறந்தன. நவீன ஜார்ஜியத் தேசியத்தின் முன்னோடியாகப் போற்றப்படும் இலியா சாவ்சவாட்ஸே 1860ஆம் ஆண்டில், முன்னோர் விட்டுச் சென்ற செல்வங்கள் நாடு, மொழி, சமயம் என்று மூன்றாக வகுத்தார். ஜார்ஜியத் தேசியம் அதற்குப் பின் எங்கே போனாலும் இந்த மூன்று சொற்களைச் சுமந்துகொண்டே போயிருக்கிறது. அவர் நடத்திய "இவேரியா" இதழில்தான் 1895இல் பதினாறு வயதுச் செமினரி (குருமடம்) மாணவன் ஒருவனின் ஜார்ஜியக் கவிதைகள் வெளியாயின. அந்த மாணவன் இயோசெப் ஜுகாஷ்விலி, பிற்காலத்து ஸ்டாலின். அக்கவிதைகளில் ஒன்று, யாகோப் கோகெபாஷ்விலி 1876இல் முதன்முதலாக வெளியிட்டு ஜார்ஜியக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்துவந்த "டெடா ஏனா" என்னும் அரிச்சுவடியின் பிந்தைய பதிப்பு ஒன்றிலும் இடம்பெற்றது. தாய்மொழி அவருக்கு அந்நியமானது அன்று. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பிறகு நடந்தவற்றைப் படிக்க வேண்டும்.

1918 மே 26 அன்று ஜார்ஜியா தனிக் குடியரசாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. நோயே ஜோர்தானியா தலைமையில் ஆண்டவர்கள் லெனினின் போல்ஷெவிக்குகளுக்கு எதிரணியான மென்ஷெவிக்குகள், அதாவது அவர்களும் மார்க்சியர்களே. அதே ஆண்டில் வரலாற்றறிஞர் இவானே ஜவாகிஷ்விலியும் தோழர்களும் திபிலிசியில் ஜார்ஜிய மொழிவழிப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார்கள். சோவியத் ருஷ்யா 1920 மே 7இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அக்குடியரசின் விடுதலையை ஏற்றது. பத்து மாதங்கள்கூட முடிவதற்குள் செம்படை எல்லையைக் கடந்தது. படை தலைநகரை நெருங்கிக்கொண்டிருந்த 1921 பிப்ரவரி 21 அன்று அரசியல் நிர்ணய சபை கூடி அரசியலமைப்பை நிறைவேற்றியது. அதன் மூன்றாம் பிரிவு ஜார்ஜிய மொழியே நாட்டின் ஆட்சிமொழி என்றது. நான்கு நாட்களில் திபிலிசி வீழ்ந்தது. வாழப்போவதில்லை என்று தெரிந்திருந்த ஓர் அரசு, வாழப்போகும் மொழிக்கு ஒரு பிரிவை எழுதி வைத்துவிட்டுப் போனதாக எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் படையெடுப்பை முன்னின்று நடத்தியவர் செர்கோ ஓர்ஜோனிகிட்ஸே. மாஸ்கோவில் அதற்காக வாதாடியவர் ஸ்டாலின். இருவரும் ஜார்ஜியர்கள். ஜார்ஜியக் கம்யூனிஸ்டுகளுக்குள்ளேயே புடு மிதிவானி, பிலிப் மகாராட்ஸே போன்றோர் தங்கள் குடியரசு, ஆர்மேனியாவையும் அஜர்பைஜானையும் சேர்த்த காக்கேசியக் கூட்டமைப்புக்குள் கரைக்கப்படுவதை எதிர்த்தார்கள். அந்தத் தகராறில் ஓர்ஜோனிகிட்ஸே ஓர் உள்ளூர்த் தோழரைக் கன்னத்தில் அறைந்தார் என்ற செய்தி நோய்ப்படுக்கையில் இருந்த லெனினை எட்டியது. 1922 டிசம்பர் இறுதியில் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட குறிப்புகளில், சிறு தேசிய இனங்களிடம் மகாருஷ்ய அடாவடியாக நடந்துகொள்ளும் ஒரு ஜார்ஜியரைப் பற்றிய கசப்பு அப்பட்டமாகத் தெரிகிறது. குறிப்புகள் இருந்தன, கூட்டமைப்பும் இருந்தது. 1924 ஆகஸ்டில் சியாத்தூராவில் தொடங்கிய எழுச்சி சில வாரங்களில் நசுக்கப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அந்த அடக்குமுறையின் ரகசியக் காவல் பிரிவில் மேலேறி வந்த இளைஞர்தான், பின்னாளில் ஸ்டாலினின் ரகசியக் காவல் தலைவரான லவ்ரெந்தி பேரியா.

இவ்வளவோடு நின்றிருந்தால் இதை ஒரு நாடு பிடிக்கப்பட்ட கதை என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அதே ஆட்சி செய்த வேறொரு காரியத்தை ஒப்புக்கொள்ளாமல் எழுதினால் அது நேர்மையாகாது. உள்ளூர் மக்களை உள்ளூர் மொழியில் ஆள வேண்டும் என்ற சோவியத் கொள்கையின் கீழ், ஜார்ஜியம் அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் தொழிற்சாலைக்கும் வந்தது. ஜாரின் காலத்தில் பள்ளியில் தாழ்த்தப்பட்டிருந்த மொழி, தொடக்கப் பள்ளியிலிருந்து முனைவர் ஆய்வு வரை நடைபோட்டது. எழுத்தறிவு பரவியது. நாடக அரங்குகள், திரைப்பட நிலையம், அறிவியல் கழகம், அகராதிகள் எல்லாம் எழுந்தன. பல இனங்களின் மொழிகளுக்கு 1920களில் லத்தீன் எழுத்தும் 1930களின் பிற்பகுதியில் சிரிலிக் எழுத்தும் மாட்டப்பட்டபோது, ஜார்ஜியரின் முப்பத்து மூன்று எழுத்துகளை யாரும் தொடவில்லை. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் போல்னிசி தேவாலயச் சுவரில் வெட்டப்பட்ட எழுத்தின் வழிவந்த எழுத்துகளிலேயே கட்சி நாளிதழும் அச்சாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆர்மேனியர்களே மிகுதியாக வாழ்ந்த திபிலிசி, சோவியத் காலத்தில்தான் ஜார்ஜியர் பெரும்பான்மை நகரமாயிற்று. 1932இல் வந்த உள்நாட்டுக் கடவுச்சீட்டு ஒவ்வொருவருடைய தேசிய இனத்தையும் பெயருக்கு அருகிலேயே எழுதி வைத்தது. இனம் காலப்போக்கில் உதிர்ந்துவிடும் என்று கருதிய ஒரு தத்துவத்தின் அரசு, இனத்தைப் பிறப்புச் சான்றுபோல் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் வைத்தது. கிராமத்தையும் குலத்தையும் சொல்லித் தன்னை அடையாளப்படுத்தி வந்த உழவர்களை "நான் ஜார்ஜியன்" என்று எழுதக் கற்றுக்கொடுத்ததில் இந்த அரசுக்குப் பெரும் பங்கு உண்டு.

அரசு கூட்டைக் கட்டிக்கொடுத்தது, உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்க விரும்பியது. அதற்கு என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பதை 1937ஆம் ஆண்டைப் போல் வேறெதுவும் காட்டாது.

அந்த ஆண்டு ஜார்ஜியாவின் பெருங்கவிஞர் ஷோத்தா ருஸ்தவேலியின் "புலித்தோல் போர்த்த வீரன்" காவியத்துக்கு 750ஆம் ஆண்டு விழா. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் தமார் அரசியின் காலத்தில் பாடப்பட்ட காவியம் அது. மணப்பெண்ணின் சீதனத்தோடு அதன் படி ஒன்றைக் கொடுத்தனுப்பும் வழக்கம் உண்டு என்றும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதன் பாக்களை மனத்தில் வைத்திருந்தார்கள் என்றும் சொல்வார்கள். சோவியத் ஒன்றியம் முழுவதும் விழா கொண்டாடப்பட்டது. பல மொழிகளில் மொழிபெயர்ப்புகள் வந்தன. டிசம்பரில் எழுத்தாளர்கள் திபிலிசியில் கூடினார்கள். மெய்யியல் அறிஞர் ஷல்வா நுட்சுபிட்ஸே சிறைக்குள் இருந்தபடியே காவியத்தை ருஷ்ய மொழிக்குப் பெயர்த்தார் என்றும், அதைப் படித்த ஸ்டாலின் அவரை விடுவித்துத் தாமே சில வரிகளைத் திருத்தினார் என்றும் கூறப்படுகிறது.

அதே ஆண்டு ஜூலை 22 அன்று, திபிலிசியின் மசபெலி தெருவில் உள்ள எழுத்தாளர் சங்கக் கட்டடத்தில் கவிஞர் பாவ்லோ யாஷ்விலி தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். நண்பர்களைக் காட்டிக்கொடுக்கும்படி அவர் நெருக்கப்பட்டிருந்தார். சங்கம் அவருடைய சாவையே கண்டித்துத் தீர்மானம் போட்டபோது, அதற்கு உடன்படாதவர் நாவலாசிரியர் மிகைல் ஜவாகிஷ்விலி. அவர் ஆகஸ்டில் கைதாகி, செப்டம்பர் 30 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். யாஷ்விலியின் உயிர்நண்பரான கவிஞர் டிட்சியன் டபிட்ஸே அக்டோபரில் கைதானார். உன்னுடைய கூட்டாளி யார் என்று விசாரணையில் வதைத்தபோது, அவர் சொன்ன ஒரே பெயர் பெசிகி என்று ஜார்ஜிய இலக்கிய உலகம் நினைவு வைத்திருக்கிறது. பெசிகி பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிஞர். டபிட்ஸே டிசம்பரில் கொல்லப்பட்டார், விழா நடந்த அதே டிசம்பரில். அவர் மனைவி நீனாவுக்கு அந்தச் செய்தி தெரிவிக்கப்படவில்லை. எங்கோ ஒரு முகாமில் உயிரோடு இருக்கிறார் என்று நம்பி, 1950களின் நடுப்பகுதி வரை அவர் காத்திருந்தார். டபிட்ஸேயின் கவிதைகளை ருஷ்ய மொழிக்குக் கொண்டுவந்த ருஷ்யக் கவிஞர் பாஸ்டர்நாக் அத்தனை ஆண்டுகளும் நீனாவுக்குத் துணை நின்றார்.

மசபெலி தெருவின் அந்தக் கட்டடத்துக்கு முன் நான் வெகுநேரம் நின்றேன். பிராந்தி வணிகத்தில் செல்வம் குவித்த டேவிட் சரஜிஷ்விலி என்பவர் கட்டிய மாளிகை அது. ஒரு மொழியை அழிக்க வேண்டும் என்றால் எழுத்தைத் தடைசெய்வார்கள் என்றுதான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இங்கே எழுத்தை வளர்த்தார்கள், பாடநூல் அச்சிட்டார்கள், எழுநூறு ஆண்டுக்கு முந்தைய கவிஞருக்கு நாடெங்கும் விழா எடுத்தார்கள், உயிரோடிருந்த கவிஞர்களைக் கொன்றார்கள். நாடக இயக்குநர் சாந்த்ரோ அக்மெத்தெலி, இசை நடத்துநர் எவ்கெனி மிகெலாட்ஸே என அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. உயிர் தப்பியவர்களில் ஒருவரான கவிஞர் கலாக்தியோன் டபிட்ஸேக்கு மக்கள் கவிஞர் பட்டமும் ஆர்டர் ஆஃப் லெனின் விருதும் கிடைத்தன. அவருடைய மனைவி ஓல்கா ஒகுஜாவா சிறையிலிருந்து திரும்பவேயில்லை, 1941இல் சுட்டுக்கொல்லப்பட்டார். 1959இல் கலாக்தியோன் மருத்துவமனை மாடிச் சன்னலிலிருந்து குதித்து உயிரை விட்டார்.

தப்பியவர்களில் இன்னொருவர் கான்ஸ்தந்தீனே கம்சகூர்தியா. 1920களில் சொலோவெட்ஸ்கி தீவு முகாமுக்கு அனுப்பப்பட்டு மீண்டவர் அவர். 1939இல் அவர் எழுதிய நாவல், பதினோராம் நூற்றாண்டில் ஸ்வெத்திட்ஸ்கோவேலி பேராலயத்தைக் கட்டிய சிற்பியின் வலக்கையை அரசாணைப்படி வெட்டிய கதையைச் சொல்கிறது. பழங்காலப் பெருமையைப் பேசுவது அப்போது அனுமதிக்கப்பட்டிருந்தது. போர் நெருங்கிக்கொண்டிருந்ததால் மன்னர்களும் தளபதிகளும் மதிப்பு மீண்டு வந்துகொண்டிருந்தார்கள். அந்த இடைவெளிக்குள் அவர் எதை எழுதினார் என்பதைத் திபிலிசி வாசகர்கள் புரிந்துகொள்ளாமல் இருந்திருக்க மாட்டார்கள்.

இலியா வகுத்த மூன்று சொற்களில் நாடும் மொழியும் இவ்வாறு அரசின் கைக்குள் வந்தன. மூன்றாவதான சமயத்துக்குத்தான் இடமே இல்லாமற்போனது. ஜாரின் ஆட்சி 1811இல் பறித்த தன்னாட்சியை ஜார்ஜியத் திருச்சபை 1917இல் மீட்டிருந்தது. 1922இல் முதுபெருந்தந்தை அம்பிரோசி, தம் நாடு ஆக்கிரமிக்கப்பட்டிருக்கிறது என்று பல நாடுகள் கூடிய ஜெனோவா மாநாட்டுக்கு மடல் எழுதினார். அதற்காகச் சிறை சென்று, உடல் நலிந்து 1927இல் இறந்தார். கோயில்கள் கிடங்குகளாயின. சாவ்சவாட்ஸேயைப் பள்ளிப் பாடத்தில் வைத்திருந்த சோவியத் அரசு, அவரைப் பண்ணையடிமை முறையை எதிர்த்த முற்போக்கு எழுத்தாளராக மட்டுமே காட்டியது. அதே இலியாவை 1987இல் திருச்சபை புனிதராக அறிவித்தது. அரசு அறுத்தெடுத்த மூன்றாவது சொல்லைத் திருச்சபை மறுபடி தைத்துக்கொடுத்த நிகழ்ச்சியாகவே நான் அதைப் பார்க்கிறேன். தடைப்பட்டுக் கிடந்ததால் அந்தச் சொல்லுக்கு வந்து சேர்ந்த வீரியம் மிகப் பெரியது. ஜார்ஜியன் என்றால் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவன் என்ற சமன்பாடு இன்று அங்கே இவ்வளவு இறுகியிருப்பதற்கு அந்தத் தடையும் ஒரு காரணம். தென்மேற்குப் பகுதியான அஜாரியாவின் முஸ்லிம் ஜார்ஜியர்களுக்கு அந்தச் சமன்பாட்டில் இடம் எங்கே என்ற கேள்வியும் அங்கிருந்தே பிறக்கிறது.

1956 மார்ச் மாத நிகழ்ச்சிகளைப் புரிந்துகொள்வதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. பிப்ரவரியில் குருஷ்சேவ் ஸ்டாலினைக் கண்டித்துப் பேசினார். ஸ்டாலின் இறந்த நாளான மார்ச் 5இல் திபிலிசி மாணவர்கள் அவருடைய சிலைக்கு மலர் வைக்கத் தொடங்கி, நாளுக்கு நாள் பெருகி, 9ஆம் தேதி இரவு தகவல் தொடர்பு அலுவலகத்தை நோக்கிச் சென்றபோது படை சுட்டது. இறந்தவர்களின் எண்ணிக்கை இன்றும் சர்ச்சையிலேயே இருக்கிறது. குறைந்த கணக்குகூட இருபதைத் தாண்டுகிறது. தங்கள் கவிஞர்களைக் கொன்றவனுக்காக அந்த இளைஞர்கள் ஏன் செத்தார்கள்? அவர்கள் காதில் விழுந்தது ஒரு கொடுங்கோலனைப் பற்றிய கண்டனம் அன்று, ஒரு ஜார்ஜியனைப் பற்றிய ஏளனம் என்பதே எனக்குக் கிடைக்கும் விடை. இருபது ஆண்டுகளாக ஸ்டாலினின் புகழோடு சேர்த்தே அவர்களுக்கு இனப்பெருமை ஊட்டப்பட்டிருந்தது. ஒன்றை இழுத்தால் மற்றதும் கிழிந்தது. அன்றைய துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் ஸ்டாலின் மீதான பற்று மெல்ல உதிர்ந்து, மாஸ்கோ மீதான கசப்பு மட்டும் எஞ்சியது. அந்த ஆண்டிலேயே ரகசியக் குழு அமைத்துக் கைதான பதினேழு வயதுப் பையன்களில் இருவர், நாவலாசிரியரின் மகன் ஸ்வியாத் கம்சகூர்தியாவும் அவர் நண்பர் மெராப் கொஸ்தாவாவும். பின்னாளில் விடுதலை இயக்கத்தின் தலைவர்களானவர்கள் இவர்களே.

அடுத்த இருபது ஆண்டுகள் வெளிப்பார்வைக்கு அமைதியாகக் கழிந்தன. 1958இல் திபிலிசியின் 1500ஆம் ஆண்டு நிறைவுக்காகச் சொலொலாகி குன்றில் "ஜார்ஜியாவின் தாய்" சிலை எழுந்தது. நண்பனுக்கு ஒரு கையில் மதுக்கிண்ணம், பகைவனுக்கு மறு கையில் வாள். நகரத்தின் எந்த மூலையிலிருந்து அண்ணாந்தாலும் கண்ணில் படும் அந்தப் பெண்ணை நிறுத்தியது சோவியத் அரசுதான் என்பதை நம்புவதற்கு எனக்குச் சற்று நேரம் பிடித்தது. 1977இல் விண்வெளிக்குச் சென்ற வாயேஜர் கலங்களின் தங்கத் தட்டில் "சக்ருலோ" என்னும் ஜார்ஜியப் பல்குரல் பாடல் இடம்பெற்றது. 1981 மே மாதம் டசல்டார்ஃபில் தினாமோ திபிலிசி கால்பந்து அணி ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையை 2–1 என வென்றது. அந்த இரண்டு கோல்களில் ஒன்றை அடித்த விளதீமிர் குத்சாயேவ், ஜார்ஜியாவின் சிறுபான்மை இனங்களில் ஒன்றான ஒசேத்தியர். வெற்றிக் கோலை அடித்த விதாலி தரசேலியா, அப்காசியர் என்னும் இன்னொரு சிறுபான்மையினரின் கருங்கடல் கரைப் பகுதியான அப்காசியாவின் ஒச்சம்சிரேயில் பிறந்தவர். அன்று இரவு திபிலிசித் தெருக்களில் ஆடியவர்கள் அதைக் கணக்குப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இப்போது 75ஆம் பிரிவுக்கு வருகிறேன்.

1977 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் புதிய அரசியலமைப்பை ஏற்றது. அதற்கேற்பக் குடியரசுகளும் தத்தம் அரசியலமைப்புகளை மாற்றி எழுத வேண்டியிருந்தது. பெரும்பாலான குடியரசுகளின் அரசியலமைப்பில் ஆட்சிமொழி என்ற பேச்சே கிடையாது. காக்கேசியத்தின் மூன்று குடியரசுகளில்தான், ஜார்ஜியாவிலும் ஆர்மேனியாவிலும் அஜர்பைஜானிலும், அந்தப் பிரிவு முன்பிருந்தே ஒட்டிக்கொண்டிருந்தது. 1978 வசந்தத்தில் வெளியான ஜார்ஜிய வரைவில் அந்த வாசகம் காணாமற்போயிருந்தது. ஜார்ஜியமும் ருஷ்யமும் மற்ற மொழிகளும் சமமாகப் பயன்படும் என்ற பொதுச்சொற்கள் அங்கே வந்திருந்தன. சமம் என்ற சொல் இந்த இடத்தில் என்ன செய்யும் என்பது மாணவர்களுக்கு உடனே புரிந்தது. ஒன்றியம் முழுவதும் பரவிய மொழியும் நாற்பது லட்சத்துக்கும் குறைவானவர்களின் மொழியும் சமம் என்று எழுதினால், எது எதை விழுங்கும் என்று அறிய மொழியியல் தேவையில்லை.

ஏப்ரல் 14 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலம் ருஸ்தவேலி சாலை வழியாக அரசு மாளிகையை அடைந்தது. மாணவர்களும் அறிஞர்களும் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்நகரில் நடந்த துப்பாக்கிச் சூடு அவர்களில் எல்லோருக்கும் தெரியும். பலருடைய பெற்றோர் அதை நேரில் கண்டவர்கள். கட்சியின் முதற்செயலர் எடுவார்ட் ஷெவர்ட்நாட்ஸே கூட்டத்தின் முன் வந்து பேசினார், மாஸ்கோவோடு தொடர்புகொண்டார், மாலைக்குள் பழைய வாசகமே திரும்பியது. ஜார்ஜிய சோவியத் சோசலிசக் குடியரசின் ஆட்சிமொழி ஜார்ஜியம் என்று 75ஆம் பிரிவு மீண்டும் சொன்னது. ஆர்மேனியாவும் அஜர்பைஜானும் தங்கள் பிரிவைக் காப்பாற்றிக்கொண்டன. ஒரு குண்டும் சுடப்படவில்லை.

இந்த நாளை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. அந்த மாணவர்கள் எவரும் 1918ஐ அறிந்தவர்கள் அல்லர். அவர்கள் சோவியத் மழலையர் பள்ளியில் பாடி, இளம் பயனியர்களின் சிவப்புக் கழுத்துத் துணி கட்டி, சோவியத் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜியத்தில் தேர்வெழுதியவர்கள். அவர்கள் கேட்டதும் சோவியத் அரசியலமைப்பில் முன்பே எழுதப்பட்டிருந்த ஒன்றைத்தான். அரசு தன் கையால் வளர்த்த மொழியுணர்வு, அரசு தன் கையால் எழுதிய சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அரசின் எதிரில் வந்து நின்றது. அப்பாவின் அலமாரியில் இருந்த நூலில், தேசிய இனத்தின் முதற்கூறு மொழி என்று ஸ்டாலின் எழுதியிருந்ததை அன்று ருஸ்தவேலி சாலை மெய்ப்பித்தது. ஏப்ரல் 14 இன்று ஜார்ஜியாவில் தாய்மொழி நாள்.

அந்தப் பிரிவில் ஜார்ஜியர் அல்லாதவர்களின் பெயர் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் இதுவரை எழுதியதெல்லாம் பாதியாகிவிடும். அப்காசியா 1931 வரை ஏறத்தாழச் சமநிலை பெற்ற குடியரசாக இருந்து, பிறகு ஜார்ஜியாவுக்குள் தன்னாட்சிக் குடியரசாகத் தாழ்த்தப்பட்டது. 1936இல் அதன் தலைவர் நெஸ்தோர் லகோபா பேரியாவின் விருந்துக்குப் பின் இறந்தார். 1938இல் அப்காசிய மொழிக்கு ஜார்ஜிய எழுத்து மாட்டப்பட்டது. தெற்கு ஒசேத்தியாவிலும் அப்படியே. தம் முப்பத்து மூன்று எழுத்துகளை யாரும் தொடாததைப் பெருமையாகக் கொண்ட மக்களின் எழுத்து, அடுத்த வீட்டுக் குழந்தைகளுக்குத் திணிக்கப்பட்ட எழுத்தாயிற்று. 1940களின் நடுப்பகுதியில் அப்காசிய மொழிப் பள்ளிகள் மூடப்பட்டு, பிள்ளைகள் ஜார்ஜிய வழியில் படிக்க வைக்கப்பட்டார்கள். 1944 நவம்பரில் துருக்கி எல்லையை ஒட்டிய மெஸ்கெத்தியாவின் முஸ்லிம்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் சரக்கு ரயில்களில் ஏற்றப்பட்டு மத்திய ஆசியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஜார்ஜியத்துக்கு உறவான தனி மொழிகளைப் பேசும் மிங்ரேலியரும் ஸ்வான்களும் 1926 கணக்கெடுப்பில் தனியாக எண்ணப்பட்டார்கள். பிறகு ஜார்ஜியர் என்ற ஒரே வரியில் சேர்க்கப்பட்டார்கள். இவற்றுக்கெல்லாம் ஆணையிட்டவர்கள் கட்சித் தலைவர்கள், பொதுமக்கள் அல்லர் என்பது உண்மை. ஆனால் கேட்ட அப்காசியத் தாய்க்கு அந்த ஆணை ஜார்ஜிய மொழியில்தான் கேட்டது.

ஸ்டாலின் இறந்த மறு ஆண்டே அப்காசியம் சிரிலிக் எழுத்துக்கு மாறியது, பள்ளிகள் திறந்தன, மனக்காயம் ஆறவில்லை. 1977 டிசம்பரில் அப்காசிய அறிவாளர்கள் 130 பேர் மாஸ்கோவுக்கு மடல் எழுதினார்கள். திபிலிசி மாணவர்கள் தங்கள் மொழிக்காக ஊர்வலம் போன அதே 1978இல், அப்காசியர்கள் ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து ருஷ்யக் குடியரசோடு சேர வேண்டும் என்று கூடினார்கள். அது மறுக்கப்பட்டது, பதிலாக அப்காசியாவின் அரசியலமைப்பில் அப்காசியம், ஜார்ஜியம், ருஷ்யம் மூன்றும் ஆட்சிமொழிகளாயின, 1979இல் அப்காசியத் தலைநகர் சுகுமியில் பல்கலைக்கழகம் வந்தது. ஒரே வசந்தத்தில் இரண்டு மக்கள் ஒரே அச்சத்தோடு தெருவில் நின்றார்கள்; ஒருவர் அஞ்சியது மாஸ்கோவை, மற்றவர் அஞ்சியது திபிலிசியை. 1989 கணக்கெடுப்பின்படி அப்காசியாவில் அப்காசியர் 17.8 விழுக்காடு, ஜார்ஜியர் 45.7 விழுக்காடு. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த அச்சம் விளங்கும்.

1989 ஏப்ரல் 9 விடியற்காலையில் ருஸ்தவேலி சாலையில் அரசு மாளிகையின் முன் மெழுகுவத்தியோடு இருந்த கூட்டத்தின் மீது படையினர் மண்வெட்டிகளோடும் நச்சுப் புகையோடும் பாய்ந்தார்கள். சற்று நேரத்துக்கு முன் முதுபெருந்தந்தை இரண்டாம் இலியா வந்து, ஆபத்து நெருங்கிவிட்டது, அருகிலுள்ள காஷுவேத்தி கோயிலுக்குள் போய்விடுவோம் என்று வேண்டியிருந்தார். கூட்டம் நகரவில்லை. இறந்த இருபதுக்கு மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அன்றோடு ஜார்ஜியாவில் கட்சியின் ஆட்சிக்கு இருந்த ஒழுக்க உரிமை முடிந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1991இல் அதே ஏப்ரல் 9 அன்று ஜார்ஜியா விடுதலையை அறிவித்தது; கம்சகூர்தியா குடியரசுத் தலைவரானார். கொஸ்தாவா அதைக் காண உயிரோடு இல்லை, 1989 அக்டோபரில் சாலை விபத்தில் இறந்திருந்தார்.

அந்த ஏப்ரல் கூட்டம் முதலில் கூடியதே அப்காசியர்களின் பிரிவினைக் கோரிக்கைக்கு எதிராகத்தான் என்பதை அங்கே இறந்தவர்களின் நினைவிடத்தில் நின்றுகொண்டிருந்தபோது நான் அறிந்திருக்கவில்லை; பிறகுதான் படித்தேன். அந்த ஆண்டு ஜூலையில் திபிலிசிப் பல்கலைக்கழகத்தின் கிளையைச் சுகுமியில் திறப்பது குறித்த தகராறு கைகலப்பாகி உயிர்கள் போயின. 1990 டிசம்பரில் புதிய ஜார்ஜிய நாடாளுமன்றம் தெற்கு ஒசேத்தியாவின் தன்னாட்சியை நீக்கியது. 1992 ஆகஸ்டில் ஜார்ஜியப் படைகள் அப்காசியாவுக்குள் நுழைந்தன. போர் முடிந்தபோது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜார்ஜியர்கள் தங்கள் வீடுகளை விட்டுத் துரத்தப்பட்டிருந்தார்கள். இன்றும் அவர்களில் பெரும்பாலோர் திரும்ப முடியவில்லை. அதற்கு முன், 1992 அக்டோபர் 22 அன்று, சுகுமி ஜார்ஜியப் படைகளின் கையில் இருந்தபோது, அப்காசிய மொழி, இலக்கிய, வரலாற்று ஆய்வு நிறுவனமும் அப்காசிய அரசு ஆவணக் காப்பகமும் தீவைத்துக் கொளுத்தப்பட்டன. அப்காசியர்களைப் பற்றி அவர்களிடம் எழுத்தில் இருந்தவற்றில் பெரும்பகுதி அந்த இரண்டு கட்டடங்களில் இருந்தது.